ஒட்டு நோட்டில் ரோஸியின் பக்கம்

செல்வநாதனுக்குச் செம்பரம்பாக்கம் ஏரிதான் சோறு போட்டது. ஏரிக்கரையில் முப்பத்து மூன்று வருஷம் லஸ்கராக இருந்தார். லஸ்கர் என்றதும் பட்டாளத்து உத்தியோகம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மதகுக் கதவை ஏற்றி இறக்க வேண்டும். கரையில் எங்கேயாவது எலி வளை பறித்திருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். காலையும் மாலையும் அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று பார்த்து மட்டப் புத்தகத்தில் எழுத வேண்டும். முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது அவர் கட்சி. மூன்றாவதுதான் அவருக்குத் தலைக்கனம் கொடுத்த வேலை. காற்றடித்து அலை புரளும்போதுகூட, அலை ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் பார்த்து நடுவே ஒரு அளவு சொல்வார். கால் அங்குலம் பிசகாது. "நான் எழுதனா எழுதனதுதான்" என்று கூட வேலை பார்த்த கோபாலிடம் பீற்றிக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷன் தன் சொந்தப் பெண்ணின் முகத்தில் தப்பான அளவை எழுதிவைத்தார். அதுதான் இந்தக் கதை.

கரையடியில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். மனைவி லூர்தம்மாள் பிள்ளைப்பாக்கத்துப் பெண், நல்ல கத்தோலிக்கக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம். மூத்த பெண் ரோஸி ஐம்பத்து மூன்றில் பிறந்தாள். அதற்கு மறுவருஷம், பாதி எழுதி நிறுத்திய பழைய மட்டப் புத்தகம் ஒன்றை ஆபீசில் கழித்துப் போட்டார்கள். செல்வநாதன் அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தடித்த அட்டை, நீளமான தாள், ஒவ்வொரு தாளிலும் கோடு போட்டுத் தேதி, காலை மட்டம், மாலை மட்டம், குறிப்பு என்று நான்கு பத்தி. வெள்ளைத் தாளை வீணாக்க மனசு வராத ஆள். அதிலே முதல் காரியமாகத் தன் கல்யாணப் பத்திரிகையை ஒட்டினார். அடுத்து ரோஸியின் ஞானஸ்நானச் சீட்டு. அத்தோடு பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு அது வீட்டு வழக்கமே ஆகிவிட்டது. வருஷம் பூராவும் சேர்கிற சில்லறைக் காகிதமெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போய் விழும். வேளாங்கண்ணி போய்வந்த பஸ் டிக்கெட், சாமியார் கொடுத்த மாதா படம், ஆவடியில் வேலை பார்க்கும் மச்சான் அனுப்பிய வாழ்த்து அட்டை, நல்ல தீப்பெட்டிப் படம், மிட்டாய்க் காகிதம், எதுவும் விலக்கில்லை. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து, பலகாரம் தின்று, மறுநாள் இருபத்தாறாம் தேதி டின்னைத் திறப்பார்கள். சோமாஸுக்குப் பிசைந்தது போக மிச்சம் வைத்த மைதாவில் லூர்தம்மாள் பசை காய்ச்சுவாள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு துளி மயில்துத்தம் போடுவாள். வருஷப் பிறப்பு வரைக்கும் ஒட்டுகிற வேலைதான். ஒட்டியதற்குப் பக்கத்தில், குறிப்பு என்ற பத்தியில், செல்வநாதன் முத்து முத்தாக எழுதுவார். "26-12-59. ரோஸிக்கு முன்பல் இரண்டும் விழுந்தன. ஏரி நிரம்பியுள்ளது." வீட்டில் அதற்கு ஒட்டு நோட்டு என்று பெயர்.

ரோஸி நாலு வயசிலிருந்தே ஒட்ட உட்கார்ந்துவிடுவாள். அவள் ஒட்டுவதெல்லாம் கோணல். மாதா படம் சாய்ந்து நிற்கும், பஸ் டிக்கெட் மல்லாந்து கிடக்கும்.

"நேரா ஒட்டும்மா" என்பார் செல்வநாதன்.

"நேராத்தான் கீது நைனா. நீ தல சாச்சுப் பாரு" என்பாள்.

அவள் அந்தாண்டை திரும்பியதும், பசை காய்வதற்குள், இவர் கட்டைவிரலால் மெல்லத் தள்ளிக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் சரிசெய்வார். அளவு பார்க்கிற கை, அதற்குக் கோணல் பொறுக்காது. சில சமயம் கையும் களவுமாக மாட்டிக்கொள்வார். "நேராக்காத நைனா!" என்று அவள் போடும் கூச்சலில் கரைமேல் மேய்கிற ஆடு திரும்பிப் பார்க்கும்.

அவள் தலையைச் சாய்த்துப் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. ரோஸிக்கு ஒரு கண் மாறுகண். ரொம்ப இல்லை, கொஞ்சம்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டால் அவளுக்கு எல்லாம் சரியாகத் தெரியும்போல. பெற்றவர்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அப்படி அவள் தலையைச் சாய்த்து ஏதாவது கேட்டால் செல்வநாதன் கேட்டதைக் கொடுத்துவிடுவார், அவ்வளவு அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அழகாவது ஒன்றாவது. ஒன்றரைக் கண்ணு, ஒன்றரைக் கண்ணு என்று அவளை ஓட ஓட விரட்டின.

அறுபதாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் செல்வநாதனுக்கு ஓர் ஆசை வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அங்கே போய் மூன்று பேருமாக ஒரு படம் எடுத்து ஒட்டு நோட்டில் போட வேண்டும். லூர்தம்மாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ரெடியாகிவிட்டாள். ரோஸியைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் நெல்லுக் குதிருக்குப் பின்னால் குந்திக்கொண்டு அழுகிறாள்.

"நா வரமாட்டேன். போட்டோல என் கண்ணு கோணலா வுழும். அப்புறம் எப்பவும் அப்டியே இருக்கும்."

"வுழாது கண்ணு. நேரா வுழற மாரி எடுக்கச் சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா இப்ப வேணாம். அடுத்த வருசம் போலாம்" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டார் செல்வநாதன். லூர்தம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பட்டுச் சேலையை மடித்து வைத்தாள்.

அடுத்த வருஷம் டிசம்பரில் நல்ல மழை. ஏரி கழுத்து வரைக்கும் நிற்கிறது. செல்வநாதனும் கோபாலும் மாறி மாறிக் கரையிலேயே கிடந்தார்கள். ரோஸிக்குப் பதினெட்டாம் தேதி காய்ச்சல் கண்டது. இரண்டு நாளில் கழுத்து விறைத்து, வாய் குழறிப் பேச ஆரம்பித்தாள். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். இருபத்திரண்டாம் தேதி சாயந்திரம் மட்டம் எழுதிவிட்டு அவர் வீட்டுக்குள் நுழையும்போது லூர்தம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவரைப் பார்த்து, "ரோஸி நைனா, இவ கண்ணத் தொறக்க மாட்டேங்கறா பாரு" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. பிள்ளை பிறக்கிறவரை ஏங்க, தோ என்று ஓட்டுவார்கள். பிறந்தபிறகு அந்தப் பிள்ளையின் பேரே புருஷனுக்கும் பேர். எட்டு வருஷமாக லூர்தம்மாளுக்கு அவர் ரோஸி நைனா. கூட்டத்தில் நூறு நைனாக்கள் இருந்தாலும் அந்தப் பேருக்கு ஒரே ஆள்தான் திரும்புவார்.

மறுநாள் காலை அடக்கம். அதற்குமுன் யாரோ சொன்னார்கள், பிள்ளைக்கு ஒரு போட்டோகூட இல்லையே, இப்பவாவது எடுத்துவையுங்கள் என்று. அந்தக் காலத்தில் அது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். உயிரோடு இருக்கும்வரை படம் எடுக்க நேரமிருக்காது. செத்தபிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பார்கள். ஸ்டூடியோக்காரர் நடேசன் பெட்டியும் கறுப்புத் துணியும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கிறிஸ்துமஸுக்கு எடுத்துவைத்த புது கவுனைப் போட்டு, ரோஸியை நாற்காலியில் சாத்தி, தலை ஒரு பக்கம் விழாமல் பின்னால் முண்டு கொடுத்து நிமிர்த்திவைத்தார்கள். இரண்டு பக்கமும் அம்மாவும் அப்பாவும் நின்றார்கள். வாசலில் கட்டிய நட்சத்திரத்தின் வால் படத்தில் விழுந்தது. நல்ல நாளில் எடுத்த குடும்பப் படம் என்றுதான் யாரும் சொல்வார்கள், அந்தப் பெண் கண்ணை மூடியிருக்காவிட்டால்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. அந்த வருஷம் லூர்தம்மாள் மைதா மாவைத் தொடவில்லை. இருபத்தெட்டாம் தேதி செல்வநாதன் ஸ்டூடியோவுக்குப் போனார்.

நடேசன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு மூடிக்கினு கீது பாருங்க. தொறந்த மாரி எழுதிர்லாமா? எல்லாரும் அப்டித்தான் கேக்கறாங்க" என்றார். மெல்லிய தூரிகை வைத்திருந்தார். அதற்கென்றே ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தது.

"எழுதிடுங்க."

"கண்ணு பெர்சா, சின்னதா?"

"பெர்சு."

"பார்வ நேராத்தான?"

நடேசன் சும்மா கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. செல்வநாதனுக்கு குதிருக்குப் பின்னால் குந்தியிருந்த பிள்ளை ஞாபகம் வந்தது. சத்தியம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. இனி இந்தப் படத்தைப் பார்க்கிற எவனும் ஒன்றரைக் கண்ணு என்று சொல்லிவிடக் கூடாது என்று இருந்தது. கொஞ்சம் வெட்கமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

"நேராத்தான்" என்றார்.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று, கிறிஸ்துமஸ் குடிலைக் கலைக்கிற ஜனவரி ஆறாம் தேதி, படம் வீட்டுக்கு வந்தது. செல்வநாதன் தானே பசை காய்ச்சினார். ஒட்டு நோட்டில் ஒரு பக்கத்தைப் பிரித்து 22-12-61 என்று தேதி மட்டும் எழுதிவைத்தார். படத்தை லூர்தம்மாளிடம் நீட்டினார். இரண்டு வாரமாகக் கண் மூடிக் கிடந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு, கண் திறந்த பிள்ளையைக் காட்டப்போகிற சந்தோஷம்கூட அவர் முகத்தில் இருந்தது. பாவம்.

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தாள்.

"யார் இது?"

"இன்னா லூர்து இப்டிக் கேக்கற. ரோஸிம்மா."

"இது யார் வூட்டுப் பொண்ணு? நா பெத்த பொண்ணு எங்க?"

"அவதான் கேட்டா லூர்து. நேரா வுழணும்னு. நா சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன்."

"அவ எட்டு வயசுப் புள்ள. கேக்கும். எம் பொண்ணுக்கு இன்னா கொறன்னு நீ இத்த சரி பண்ண?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "மண்ணுக்குள்ள ஒண்ணு போச்சு. மிச்சமிருந்தத நீ போய் அழிச்சிட்டு வந்துட்ட."

ஒட்டக் கூடாது என்றுவிட்டாள். படம் ஒரு காகித உறைக்குள் போய், உறை பிஸ்கட் டின்னின் அடியில் போயிற்று. காய்ச்சிய பசை கிண்ணத்திலேயே காய்ந்தது. தேதி எழுதிய பக்கம் தேதியோடு நின்றது.

அன்றோடு ரோஸி நைனாவும் நின்றுபோனார். இங்க பாரு, தோ, சோறு வெச்சிருக்குது என்று ஆளில்லாத பேச்சாக ஆயிற்று. அறுபத்து மூன்றில் இரண்டாவது பெண் கிரேசி பிறந்தாள். அதன்பிறகு அவர் கிரேசி நைனா ஆனார். அந்தப் பேர் அவருக்குப் பழகவேயில்லை. லூர்தம்மாள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்புவார். காது மந்தம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒட்டு நோட்டை அவர் விடவில்லை. ஒவ்வொரு இருபத்தாறாம் தேதியும் தனியாக உட்கார்ந்து ஒட்டினார், பிறகு கிரேசியும் சேர்ந்துகொண்டாள். பசையையும் அவரே காய்ச்சிக்கொண்டார். லூர்தம்மாள் அந்த நோட்டின் பக்கமே வரமாட்டாள். சண்டை சச்சரவு கிடையாது. சமைத்தாள், துவைத்தாள், பூசைக்குப் போனாள், அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஆனால் அவளிடம் ஒரு சொத்து இருந்தது, அதில் அவருக்குப் பங்கு கொடுக்கவில்லை. அசல் ரோஸி தன்னிடம்தான் இருக்கிறாள் என்பது அவள் எண்ணம். அவருக்கும் அது தெரியும். தன்னிடம் இருப்பதும் அசல்தான் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை, சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

இப்படியே பதினாறு வருஷம் போயிற்று.

எழுபத்தேழாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கிரேசிக்குப் பதினாலு வயசு. இவள் அடிஸ்கேல் வைத்து ஒட்டுகிற பெண். டின்னைக் கவிழ்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் அடியில் கிடந்த உறையைத் திறந்துவிட்டாள்.

"நைனா, இது அக்காவா?"

செல்வநாதன் பசை கிண்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"என்ன மாரியே கீறா நைனா!" கிரேசி படத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் ஓடினாள். படத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். "கண்ணு அப்டியே எங்கண்ணுதான். அக்காவுக்கு ஏதோ ஒன்றரக்கண்ணுன்னு சொல்லுவாங்களே ஸ்கூல்ல, பொய்யா அது?"

செல்வநாதன் பசை கிண்டிய கரண்டியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் அது தனக்கும் லூர்தம்மாளுக்கும் நடுவே இருக்கிற வழக்கு என்று நினைத்திருந்தார். இப்போதுதான் உறைத்தது. தாங்கள் இரண்டு பேரும் போய்விட்டால் ரோஸி என்று மிஞ்சப்போவது இதுதான். கிரேசி தன் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுவாள். தலை சாய்த்துப் பார்த்த பெண் ஒருத்தி ஏரிக்கரையில் இருந்தாள் என்பதற்கே அடையாளம் இருக்காது. அவளைக் கோணல் என்று சொன்ன ஊருக்கு முன்னால், கண்ணை நேராக்கச் சொன்னதன்மூலம் கடைசியில் அவரும் அவளைக் கோணல் என்றுதானே சொல்லியிருக்கிறார்.

மறுநாள் சாயந்திர மட்டத்தைக் கோபாலிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறினார்.

ஸ்டூடியோ அதே இடத்தில் இருந்தது. நடேசனுக்குத் தலை நரைத்து, மூக்குக் கண்ணாடி தடித்திருந்தது. செல்வநாதன் படத்தை வைத்து, ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். தான் பொய் சொன்னதையும் சொன்னார். நடேசன் கேட்டுக்கொண்டார்.

"படம் புடிச்ச பழைய கண்ணாடிப் பிளேட்டு இல்லீங்க. அதெல்லாம் கழுவிட்டேன். வேணும்னா இந்தப் படத்து மேலயே தொட்டு எழுதலாம். ஆனா ஒரே தபாதான். தப்பாப் பூட்டா மூஞ்சியே போயிடும்."

"தப்பாவாதுங்க. எழுதுங்க."

நடேசன் தூரிகையை நனைத்தார். பூதக்கண்ணாடியை இழுத்து வைத்தார்.

"எந்தக் கண்ணுங்க?"

செல்வநாதன் சட்டென்று கையைத் தூக்கித் தன் இடது கண்ணைக் காட்டினார்.

"உங்களுக்கு இடமா, பொண்ணுக்கு இடமா? எதிர்ல நின்னு பாத்தா மாறும்ல?"

தூக்கிய கை அப்படியே நின்றது. எதிரே நின்று பார்த்தால் மாறும். ஆனால் ரோஸி எப்போதும் எதிரேயா நின்றாள்? கரைமேல் பக்கத்தில் அல்லவா நடந்து வருவாள்? எந்தப் பக்கம்? தண்ணீர்ப் பக்கம் விடமாட்டார், ஆகையால் போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது இன்னொரு பக்கம்.

"கருவிழி மூக்காண்ட போவுமா, காதாண்ட போவுமா?" நடேசன் மெதுவாகத்தான் கேட்டார்.

செல்வநாதன் கண்ணை மூடிக்கொண்டார். குதிருக்குப் பின்னால் பார்த்தார், ஒட்டு நோட்டின் பக்கத்தில் பார்த்தார், சாகிற அன்றைக்குக் காலையில் பாயில் பார்த்தார். எல்லா இடத்திலும் ரோஸி நிமிர்ந்தாள். எல்லா இடத்திலும் நேரான கண்ணால் அவரைப் பார்த்தாள். தண்ணீரை அங்குலம் அங்குலமாக எழுதிவைத்த மனுஷனுக்கு, அந்த ஒரு அளவை எங்கேயும் எழுதிவைக்கத் தோன்றவில்லை. மறந்துபோகும் என்று யார் நினைத்தார்கள்?

"வூட்ல கேட்டுக்கினு வரேன்" என்று எழுந்துவிட்டார். நடேசன் தூரிகையைத் துடைத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கிரேசி வருஷப் பிறப்புப் பூசைக்குப் பாட்டுப் பழகக் கோயிலுக்குப் போயிருந்தாள். லூர்தம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செல்வநாதன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். பதினாறு வருஷமாக எடுக்காத பேச்சை எடுத்தார்.

"லூர்து, படத்த சரி பண்ணப் போனேன். ரோஸி எப்டி இருந்தாளோ அப்டியே எழுதச் சொன்னேன். எந்தக் கண்ணுன்னு கேக்கறாரு. எனக்கு... எனக்குத் தெரியல லூர்து."

லூர்தம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது வெற்றிதான். வராமல் இருக்குமா, எத்தனை வருஷக் கோபம்.

"அதுகூடவா தெரியல? பெத்த அப்பனாம். இந்தக் கண்ணுதான்" என்று வலது கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். பாதியில் கை நின்றது. இடது பக்கம் போயிற்று. அங்கேயும் நிற்கவில்லை. "இரு. மை வெக்கும்போது எதிர்ல நிப்பா. நா சோத்துக்கையில மை எடுத்து..." என்று விரலை நீட்டி, எதிரே ஒரு பிள்ளை நிற்கிறாற்போல் காற்றில் ஒரு முகத்துக்கு மை வைக்கப் போனாள். முதல் கண்ணுக்கு வைத்தாள். இரண்டாவது கண்ணுக்குப் போகிற விரல் நடுவிலேயே நின்றது. 

கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் அதான் வருது. கண்ண மூடனா அந்தப் படத்துப் பொண்ணுதான் வரா. ஒரே தபாதான பாத்தேன் அத்த. ஒரே தபா. இத்தினி வருசமா நா அவளத்தான் கும்புட்டுக்கினு இருந்திருக்கறேன்."

சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை செத்த அன்றைக்கு அழாதவள். செல்வநாதனுக்கு அவளைத் தொடத் தைரியம் வரவில்லை. அவள் சொத்து என்று காத்துவந்ததும் தன்னால்தான் போயிற்று என்று தெரிந்தது. அதைவிடக் கொடுமை, அந்த அழுகையில் அவருக்கு ஒரு ஓரத்தில் ஆறுதலாக இருந்தது, மறந்தது தான் மட்டும் இல்லை என்று. அப்படி ஆறுதல் பட்டதற்காகத் தன்னைத்தானே நொந்துகொண்டார்.

பிறகு எழுந்துபோய் ஒட்டு நோட்டை எடுத்துவந்தார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. ரோஸி ஒட்டிய பக்கங்கள். "அவ ஒட்டனது எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாத்தா, எந்தப் பக்கம் தல சாச்சான்னு தெரியும்ல?" என்றார். அளவு பார்க்கிறவர் புத்தி அப்படித்தான் போகும்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு மாதா படம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு தீப்பெட்டிப் படம் இடப்பக்கம். மச்சான் அனுப்பிய வாழ்த்து அட்டை கோட்டோடு கோடாக நேராக நின்றது. அடுத்ததும் நேர். அதற்கடுத்ததும் நேர்.

"இதெல்லாம் நேராத்தான கீது?" என்றாள் லூர்தம்மாள்.

"அது..." அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். "அதெல்லாம் நா நேராக்கனது. அவ பாக்காதப்போ."

லூர்தம்மாள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. சாய்ந்து நின்ற மாதா படத்தின் ஓரத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரைக்கும் தடவினாள். பிறகு தீப்பெட்டிப் படத்தின் ஓரத்தைத் தடவினாள். பதினாறு வருஷம் கழித்து அந்த நோட்டை அவள் தொடுகிறாள்.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். மைதாவைக் கரைக்கிற சத்தம் கேட்டது. மயில்துத்தப் பொட்டலம் எங்கே என்று அவரைக் கேட்கவில்லை, கையாலேயே தேடி எடுத்துக்கொண்டாள். பசை காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுவந்தாள்.

தேதி மட்டும் எழுதிய பக்கத்தைப் பிரித்தாள். பதினாறு வருஷத்தில் தாள் பழுத்திருந்தது. படத்தை மடியில் வைத்து, ரோஸியின் முகத்தின் மேல், நடேசன் எழுதிய இரண்டு கண்களின் மேல், விரலால் பசையைத் தடவ ஆரம்பித்தாள்.

"லூர்து, முன்பக்கம் தடவற."

"தெரிஞ்சுதான் தடவறேன்."

"அப்ப மூஞ்சி..."

"அது அவ மூஞ்சி இல்ல. உன்னுது என்னுது ரெண்டும் தப்பு. நம்ப கிரேசி புள்ளைங்களுக்காவது தப்பாச் சொல்ல வேணாம். இங்க ஒரு பொண்ணு இருந்துச்சு, அத்தோட வுடு."

படத்தைக் குப்புற வைத்து ஒட்டினாள். ஸ்டூடியோவின் ஊதா முத்திரை ஒன்று மட்டும் விழுந்த வெற்றுப் பின்பக்கம் மேலே வந்தது. செல்வநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகையும் வந்தது, என்னவென்று தெரியாத ஒரு நிம்மதியும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பசை ஈரத்தில் படம் ஒரு பக்கமாக நழுவியிருந்தது. அதன் மேல் ஓரம் தாளில் போட்ட கோட்டிலிருந்து நன்றாக விலகி நின்றது.

அவர் அறியாமலே கட்டைவிரல் நீண்டு போயிற்று. ஓரத்தைத் தொட்டு மெல்லத் தள்ளப் போனது.

லூர்தம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேராக்காத, ரோஸி நைனா."